கொலோன்ல ஒரு வாரம்: வில்லுப்பாட்டு நோட்டும் இடிஞ்சுபோன ஆவணக் காப்பகமும்

நாள் 1, ஞாயிறு

திருவனந்தபுரத்துல ராத்திரி ஏறினது, மறுநாள் மத்தியானம் ஃப்ராங்க்ஃபர்ட், அங்கேருந்து ரயில்ல ஒரு மணி நேரம், கொலோன் வந்தாச்சு. ஸ்டேஷன் வாசல விட்டு வெளிய காலெடுத்து வச்சா நேரா பேராலயத்துக்கு முன்னாடி நிக்கிறோம். நடுவுல ரோடு கூட இல்ல, சின்ன திடல், படி, அதுக்கு மேல கன்னங்கரேல்னு 157 மீட்டர் உசரத்துக்கு ரெண்டு கோபுரம். பெட்டிய கீழ வச்சுட்டு அப்படியே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன்.

எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல தமிழ் சொல்லிக்குடுக்கறேன். நாலு வருஷமா சனி ஞாயிறுல ரெண்டு ஸ்டூடண்ட்ஸ கூட்டிக்கிட்டு ஊர் ஊரா போய் வில்லுப்பாட்டு அண்ணாவிமார், அதாவது தலைமையேத்துப் பாடறவங்க, வீட்டுல இருக்குற கையெழுத்து நோட்டெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், 61 நோட்டு. ஏட்டுல இருந்ததப் பாத்து தாத்தா எழுதினது, அப்பா எழுதினது, கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, பாடப் போறப்ப நடுவுல சேத்து எழுதினதுன்னு எல்லாம் கலந்து கிடக்கும். இத எப்படி ஒழுங்கா பதிப்பிக்கிறது, கம்ப்யூட்டர்ல தேடிப் படிக்கிற மாதிரி எப்படி மாத்துறதுன்னு கத்துக்கத்தான் இங்க பல்கலைக்கழகத்துல ஒரு வார வகுப்புக்கு வந்திருக்கேன். டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்னு சொல்றாங்களே, அந்தப் பக்கம்.

சாயங்காலம் பேராலயத்துக்குள்ள போனேன். 1248-ல அஸ்திவாரம் போட்டாங்க, 1500-கள்ல வேலை நின்னுபோச்சு, சுமார் 300 வருஷம் பாதிக் கோபுரத்தோட அப்படியே கிடந்திருக்கு. 1880-லதான் முடிஞ்சிருக்கு. எப்படி முடிச்சாங்கங்கறதுதான் விஷயம். முகப்பு எப்படி வரணும்னு 13-ம் நூற்றாண்டு கடைசிவாக்குல தோல்ல வரைஞ்ச ஒரு படம் இருந்துச்சாம், நாலு மீட்டர் உசரம். பிரெஞ்சுப் படை வந்த காலத்துல காப்பகத்து சாமானெல்லாம் ஊர விட்டு எடுத்துட்டுப் போனதுல அது காணாமப் போச்சு. 1814-ல டார்ம்ஷ்டாட்ங்கற ஊர்ல பாதி கிடைச்சது, ஒரு சத்திரத்துப் பரண்ல அவரை காயப்போடப் பயன்பட்டுச்சுன்னு கதை சொல்றாங்க. 1816-ல பாரிஸ்ல மிச்சப் பாதி. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துத்தான் அந்தக் கால ஆளுங்க நினைச்ச மாதிரியே கோபுரத்தக் கட்டி முடிச்சாங்க. அந்தப் படம் இன்னும் ஆலயத்துக்குள்ளதான் இருக்கு. நான் அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன், 700 வருஷத்துக்கு முந்தின ஒரு கை போட்ட கோடு பரண்ல கிடந்து தப்பிச்சு வந்திருக்குன்னு நினைக்கும்போது எனக்கு தோவாளை வீட்டுப் பரண்தான் ஞாபகம் வந்துச்சு. அதப் பத்தி பின்னாடி எழுதறேன். இப்ப தூக்கம் கண்ண சுத்துது.

நாள் 2, திங்கள்

9-ம் நம்பர் டிராம் பிடிச்சு யுனிவர்சிட்டி. வாசல் திடல்ல 13-ம் நூற்றாண்டு தத்துவ அறிஞர் ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ் சிலை உக்காந்திருக்கு, திடலுக்கே அவர் பேருதான். பல்கலைக்கழகம் 1388-ல ஊர்ச்சபை ஆரம்பிச்சது, 1798-ல பிரெஞ்சுக்காரங்க மூடிட்டாங்க, மறுபடி 1919-ல தொறந்தாங்க.

காலைல அறிமுக வகுப்பு. எங்க கூட்டத்துல ஜார்ஜியால இருந்து ஒரு பொண்ணு, அவங்க மடத்துச் சுவடிகள் மேல வேலை பாக்குறா. போர்ச்சுகல்ல இருந்து ஒருத்தர், பழைய கடுதாசிகள். எத்தியோப்பியால இருந்து ஒரு பெரியவர், அவரு கொண்டு வந்த படங்களப் பாத்ததும் எனக்கு ரொம்ப நெருக்கமாயிட்டாரு. தோல்ல எழுதினதுதான், ஆனா ஓரத்துல பின்னாடி வந்தவங்க கிறுக்கி வச்சிருக்கறது அப்படியே நம்ம ஊரு நோட்டு மாதிரி.

மத்தியானத்துக்கு மேல ஃப்ரீ. பேராலயத்துலேருந்து அஞ்சு நிமிஷ நடையில செயின்ட் ஆண்ட்ரியாஸ்னு ஒரு சர்ச், அதுக்கு அடியில நிலவறையில ஆல்பெர்ட்டஸ் மாக்னஸோட கல்லறை. பழைய ரோமன் கல்பெட்டி ஒன்னுலதான் வச்சிருக்காங்க. அங்க ஏன் போனேன்னா, பேராலயத்துக்கு அஸ்திவாரம் போட்ட அதே 1248-லதான் இந்த ஆல்பெர்ட்டஸ் தன்னோட மாணவர், பின்னாடி பெரிய கிறிஸ்தவ இறையியல் அறிஞரான தாமஸ் அக்வினாஸ கூட்டிக்கிட்டு கொலோனுக்கு வந்தாரு. தாமஸ் அதிகம் பேசமாட்டாரு, கூடப் படிச்சவங்க ஊமை எருதுன்னு கூப்பிடுவாங்களாம். இந்த எருது கத்தினா உலகமே கேக்கும்னு வாத்தியார் சொன்னாருன்னு கதை.

அந்த தாமஸ்லேருந்துதான் நாங்க படிக்கிற படிப்பே பிறந்தது. ராபர்ட்டோ பூசான்னு இத்தாலியில ஒரு இயேசு சபைப் பாதிரியார். தாமஸ் எழுதினதுல 'இன்'ங்கற சின்ன சொல்லு எங்கெங்க வருதுன்னு பாக்க கையாலயே பத்தாயிரம் அட்டை எழுதினவரு. ஆமா, ஒரு வேற்றுமை உருபு அளவுக்கான சொல்லு! நம்ம 'இல்'லுன்னு வச்சுக்கோங்க. அத வச்சு முனைவர் பட்டம் வாங்கிட்டு, மொத்த சொல்லுக்கும் அடைவு, அதாவது எந்தச் சொல்லு எங்க வருதுங்கற பட்டியல், போடணும்னு ஆசப்பட்டு 1949-ல நியூயார்க் போய் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனப் பாத்திருக்காரு. அப்ப ஐபிஎம் மெஷின் கணக்கு போடவும் சம்பளப் பட்டியல் போடவும்தான், அத லத்தீன் சொல்ல எண்ண வைக்கணும்னு போய் நின்னா யாரு ஒத்துக்குவா, ஆனா ஒத்துக்க வச்சுட்டாரு. கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் சொல்லு. 30 வருஷம் ஆச்சு. 1974-லேருந்து 1980 வரைக்கும் 56 பெரிய புத்தகமா வந்துச்சு, பின்னாடி சிடி, அதுக்கப்புறம் இணையம்.

இன்னைக்கு வகுப்புல இதச் சொன்ன பேராசிரியர் ஒரு போட்டோ காட்டினாங்க. பூசாவோட வேலை நடந்த கல்லராத்தேங்கற இத்தாலி ஊர்ல வரிசையா மெஷின், ஒவ்வொன்னுக்கும் முன்னாடி ஒரு சின்ன வயசுப் பொண்ணு. அவங்கதான் மெஷின் படிக்கிறதுக்காக கார்டுல ஓட்டை போட்டவங்க, ஒவ்வொரு சொல்லா. ரொம்ப காலம் யாரு பேரும் எங்கயும் வரல, இப்ப சில வருஷத்துக்கு முன்னாடிதான் ஆராய்ச்சியாளருங்க அவங்கள தேடிக் கண்டுபிடிச்சு பேட்டி எடுத்து எழுதியிருக்காங்க. எனக்கு அந்தப் போட்டோதான் இன்னைக்கு நாள் முழுக்க. என்கூட வெயில்ல திண்ணையில உக்காந்து பக்கம் பக்கமா பிடிச்சுக்குடுத்த என்னோட ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் பேரும் பதிப்புல முதல் பக்கத்துல வரணும்னு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன்.

நாள் 3, செவ்வாய்

இன்னைக்கு முழுக்க வகுப்பு. கொஞ்சம் விளக்கமா எழுதறேன், நம்ம ஊர்ல தமிழ் எம்ஏ படிக்கிற பிள்ளைங்க யாராவது படிச்சா உதவும்.

டிஇஐ, டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்னு ஒரு முறை இருக்கு. 1987-ல அமெரிக்காவுல வாசர் காலேஜ்ல கூடிப் பேசி ஆரம்பிச்சது. புத்தகத்த கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது வெறும் எழுத்தா ஏத்தாம, இது ஆள் பேரு, இது ஊர் பேரு, இங்க கறையான் தின்னிருக்கு, இது அடிச்சு எழுதினது, இது ஓரத்துல வேற மையில சேத்ததுன்னு ஒவ்வொன்னுக்கும் ரெண்டு பக்கமும் ஒரு குறி போட்டு அடைச்சுடறது. எக்ஸ்எம்எல்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுலதான் எழுதறது. அதுக்கப்புறம் 'அடிச்சு எழுதின இடம் எல்லாத்தையும் காட்டு'ன்னா காட்டும், 'எந்தெந்த கதையில சுசீந்திரம் வருது'ன்னா காட்டும்.

ஒரே வரி பிரதிக்குப் பிரதி மாறி வருதுல்ல, அந்தப் பாடபேதத்துக்கு இதுல வச்சிருக்குற வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு இடத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள நீங்க ஏத்துக்கிட்ட பாடம் 'லெம்', மத்த பாடம் ஒவ்வொன்னும் 'ரீடிங்', எந்த நோட்டுல இருக்குன்னு பக்கத்துலயே. அச்சுல நாம அடிக்குறிப்புல பொடி எழுத்துல தள்ளிருவோம், யாரும் படிக்கமாட்டாங்க. இதுல எந்தப் பாடமும் தொலையாது, வேற ஒருத்தர் வந்து நீங்க ஒதுக்கினத மேல தூக்கி வச்சு படிச்சுப் பாக்கலாம்.

ஒவ்வொருத்தரும் சொந்த உதாரணம் சொல்லணும்னாங்க. நான் போர்டுல 'பாவை', 'பரவை' ரெண்டையும் எழுதினேன். ஓலையில எழுதறப்ப புள்ளி வைக்கிறதில்ல, குத்தினா ஓலை கிழியும். அதனால எகரம் ஏகாரம் பாத்துத்தான் புரிஞ்சுக்கணும், ஒகரம் ஓகாரமும் அப்படித்தான். காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரே கோடு, கால்னு படிச்சா பாவை, ரகரம்னு படிச்சா பரவை. ஒன்னு பொம்பளப்பிள்ளை, இன்னொன்னு கடல். எங்க பழைய அண்ணாவிமார் பேப்பருக்கு வந்தப்புறமும் ஓலைப் பழக்கத்துலயே எழுதியிருக்காங்கன்னு நோட்டு போட்டோவ பெருசாக்கிக் காட்டினேன். ஜார்ஜியா பொண்ணு எழுந்து வந்து திரை கிட்ட நின்னு பாத்தா. பேராசிரியர் 'அப்ப உங்களுக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு பெட்டி வேணும்'னாங்க. ஆமா, வேணும்.

கையெழுத்த மெஷினே படிக்கிற மென்பொருளும் காட்டினாங்க, டிரான்ஸ்கிரிபஸ், ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துல பிறந்தது. ஆசையா ஒரு பக்கத்தப் போடலாம்னு போனா, முதல்ல நாமதான் அதுக்குச் சொல்லிக்குடுக்கணும். ஒரே கையெழுத்துல குறைஞ்சது அஞ்சாயிரம் சொல்லு கிட்ட நாமளே வரிக்கு வரி பாத்து தட்டச்சு பண்ணிக் குடுத்தாதான் அது அந்தக் கையெழுத்தக் கத்துக்கும். ஒரு அண்ணாவிக்கு அஞ்சாயிரம்னா எங்ககிட்ட பத்தொம்பது பேர் கையெழுத்து இருக்கு. கணக்கு போட்டுப் பாத்தேன், செய்யலாம், ரெண்டு வருஷம் ஆகும்.

ராத்திரி எல்லாரும் சாப்பிடப் போனோம். ஹால்வர் ஹான்னு பட்டியல்ல இருந்துச்சு, அர்த்தம் பாதி சேவல்னாங்க, நான் சைவம்னு சொல்லி ஒதுங்கினா, அது ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும்தானாம், கோழியே கிடையாது. நல்லா இருந்துச்சு.

நாள் 4, புதன்

இன்னைக்கு எழுதறது நீளும்.

பல்கலைக்கழகத்துலேருந்து நடந்து போற தூரத்துல ஐஃபெல்வால்னு ஒரு தெரு, அங்க நகர ஆவணக் காப்பகத்தோட புதுக் கட்டடம். 2021 செப்டம்பர்ல தொறந்தது. எங்க வகுப்ப அங்க கூட்டிட்டுப் போனாங்க. உள்ள வாசிப்பு அறை, பழுது பாக்குற கூடம், எல்லாம் அவ்வளவு அமைதி. ஆனா இந்தக் கட்டடம் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த அமைதி வேற மாதிரி இருக்கும்.

2009 மார்ச் 3, மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி. செவெரின் தெருவுல இருந்த பழைய காப்பகம் அப்படியே இடிஞ்சு விழுந்துச்சு. தெருவுக்கு அடியில நிலத்தடி ரயில் பாதைக்கு தோண்டிக்கிட்டிருந்த பள்ளத்துக்குள்ள மண்ணும் தண்ணியும் இறங்கி, கட்டடத்துக்குக் கீழ ஒன்னும் இல்லாமப் போயிருச்சு. அங்க வேலை பாத்துக்கிட்டிருந்த தொழிலாளிங்க ஓடி வந்து கத்தி எச்சரிச்சதால காப்பகத்துல இருந்தவங்க, படிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் வெளிய ஓடித் தப்பிச்சாங்க. பக்கத்து வீட்டுல இருந்த ரெண்டு பேர் தப்பிக்கல. ஒருத்தருக்கு 17 வயசு, இன்னொருத்தருக்கு 24.

வரிசையா அடுக்கி வச்சா 30 கிலோமீட்டர் நீளம் வர்ற ஆவணம். ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, மூத்தது 922-ம் வருஷத்தது. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து ஊரே தரைமட்டம் ஆனப்பகூட இதெல்லாம் முன்கூட்டியே வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போய் காப்பாத்தியிருக்காங்க. போருக்குத் தப்பிச்சது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சில நிமிஷத்துல குழிக்குள்ள போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. தீயணைப்புக்காரங்க, தன்னார்வலர்கள், ஐரோப்பா பூரா இருந்து வந்த பழுதுபாக்குறவங்க, எல்லாரும் கையால அள்ளி, கழுவி, நனைஞ்சத உறைய வச்சு, அப்புறம் உறைஞ்ச நிலையிலயே ஈரத்த எடுத்துன்னு, 2011 வரைக்கும் தண்ணிக்குள்ள இருந்தும் எடுத்திருக்காங்க. 95 சதவீதம் கிட்ட மீட்டாச்சு. ஆனா மீட்டதுன்னா என்ன, துண்டு துண்டா. அந்தத் துண்டுக்கு 'கொலோன் செதில்'னு அவங்க ஒரு பேரே வச்சிருக்காங்க. ஒவ்வொரு துண்டையும் ஸ்கேன் பண்ணி, ஓரம், நிறம், எழுத்து எல்லாத்தையும் ஒப்பிட்டு எது எதோட சேரும்னு கம்ப்யூட்டர் சொல்லும், ஆள் பாத்து சரின்னு சொல்லணும். இன்னும் பல பத்து வருஷ வேலை. இத ஆரம்பிச்ச யாரும் இது முடியறதப் பாக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் செய்யறாங்க.

இடிஞ்ச சில நாள்லயே இன்னொன்னும் நடந்துச்சு. இந்தக் காப்பகத்துக்கு வந்து எத்தனையோ வருஷமா எத்தனையோ பேர் படிச்சிருப்பாங்கல்ல. ஆராய்ச்சி மாணவர், குடும்ப வரலாறு தேடினவங்க, வெளிநாட்டுப் பேராசிரியர். அவங்கவங்க வீட்டு அலமாரியில ஜெராக்ஸ், போட்டோ, மைக்ரோஃபிலிம் இருந்துச்சு. உங்ககிட்ட இருக்கறத ஏத்துங்கன்னு இணையத்துல ஒரு இடம் தொறந்தாங்க, ஏத்தினாங்க. 30 வருஷத்துக்கு முன்னாடி தன் ஆராய்ச்சிக்குன்னு எடுத்த ஒரு போட்டோ, அதுதான் இப்ப ஊருக்கே ஆவணம். அதோட, ஜெர்மன் அரசு 1960-கள்லேருந்து எடுத்த மைக்ரோஃபிலிம் பிரதி இருந்துச்சு. ஃப்ரைபுர்க் பக்கம் கருங்காட்டு மலைக்குள்ள பார்பரா சுரங்கம்னு ஒரு பழைய சுரங்கத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீப்பாய்க்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க, கொலோன் காப்பகத்து ஆவணங்கள் பலதோட படமும் அதுல இருந்துச்சு.

சுத்திக் காட்டின அம்மா கடைசியில ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டாங்க. நான் 61 நோட்டு, ஏழாயிரம் சொச்சம் பக்கம்னு சொன்னேன். அந்தம்மா உடனே கேட்டது, 'எத்தன இடத்துல வச்சிருக்கீங்க?'

ஒரு ஹார்ட் டிஸ்க். எங்க வீட்டு பீரோவுல. அவ்வளவுதான்.

பதில் சொல்றப்ப தொண்ட அடைச்சுக்கிட்டு. ஏன்னா தோவாளைப் பக்கத்து அண்ணாவி ஒருத்தர், பேரு வேணாம், மூணு நோட்டு வச்சிருந்தாரு. வீட்டுக்கு வெளிய குடுக்கமாட்டேன்னுட்டாரு, ஆனா திண்ணையில உக்காந்து எடுத்துக்கோங்கன்னாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமை எடுத்தோம். அடுத்த வருஷம் அவரு போயிட்டாரு. துஷ்டி கேக்கப் போனப்ப நோட்டப் பத்தி விசாரிச்சேன், பரண சுத்தம் பண்ணப்ப பழைய பேப்பர்காரர்கிட்ட போயிருச்சு. வீட்டுக்காரங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க துக்கத்துல இருந்தாங்க, யாரும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லவும் இல்ல. ஆனா அந்த மூணு நோட்டுக்கும் இப்ப உலகத்துல இருக்குற ஒரே பிரதி என் பீரோவுல சேலைக்கு நடுவுல இருக்குற அந்த ஹார்ட் டிஸ்க்.

எங்க ஆளுங்க இதுல எவ்வளவு கவனமா இருந்திருக்காங்க! ஓலை நைஞ்சு போச்சுன்னா புதுசா பிரதி பண்ணிட்டுத்தான் பழச பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துல விடுவாங்க. பிரதி பண்றத விட்டுட்டு ஆத்துல விடறத மட்டும் பிடிச்சுக்கிட்டதுல எத்தன போச்சோ.

ரூமுக்கு வந்த உடனே என் ஸ்டூடண்டுக்கு மெசேஜ் போட்டேன். இந்தியாவுல ராத்திரி பதினோரு மணி. நாளைக்கே எங்க வீட்டுக்குப் போய் அத்தைகிட்ட சாவி வாங்கி ஹார்ட் டிஸ்க எடுத்து ரெண்டு காப்பி போடு, ஒன்னு உன் வீட்டுல இருக்கட்டும், இன்னொன்னு கோயம்புத்தூர்ல என் தம்பிக்கு கூரியர்ல அனுப்புன்னு. 'சரி மேம், என்னாச்சு மேம்?'னு கேட்டான்.

நாள் 5, வியாழன்

காலைல வகுப்புக்கு முன்னாடி தமிழ் நூல்கள் இருக்குற பகுதிக்குப் போனேன். கொலோன் பல்கலைக்கழகத்துல தமிழுக்குன்னு ஐரோப்பாவுலயே பெரிய நூலகங்கள்ல ஒன்னு இருக்குங்கறது நிறைய பேருக்குத் தெரியும், நிதி இல்லாம தமிழ்ப் பிரிவ மூடப்போறாங்கன்னு செய்தி வந்து, 2021-ல தமிழ்நாடு அரசு ஒன்னேகால் கோடி ரூபாய் அறிவிச்சதும் ஞாபகம் இருக்கும். நம்ம ஊர் நூலகத்துலயே தேடிக் கிடைக்காத பழைய பதிப்பு ஒன்ன இங்க கையில எடுத்தேன், அந்த வாசனை அப்படியே.

ஆனா நான் வந்தது புத்தகத்துக்காக மட்டும் இல்ல. நான் எம்ஃபில் பண்றப்ப, பழைய தமிழ் நூல்கள இணையத்துல இலவசமா குடுக்கற மதுரைத் திட்டத்துலதான் சங்க இலக்கியம் தேடுவேன், அச்சுப் புத்தகம் வாங்க காசு கிடையாது. 1998 பொங்கல் அன்னைக்கு சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் ஆரம்பிச்ச திட்டம். அதுல சங்க நூல் பலதுக்கும் முதல் பக்கத்துல ஒரு நன்றிக் குறிப்பு இருக்கும், ரோமன் எழுத்துல தட்டச்சு செஞ்சு குடுத்தது கொலோன் பல்கலைக்கழகத்து தாமஸ் மால்டனும் அவரோட வேலை பாத்தவங்களும்னு. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தே ஒழுங்கா வராத காலம் அது. ஆளுக்கு ஒரு ஃபான்ட், ஒருத்தர் அடிச்சது இன்னொருத்தருக்கு கட்டம் கட்டமா தெரியும். அப்ப இங்க உக்காந்து ரோமன் எழுத்துல அடிச்சு வச்சாங்க, அது எந்த மெஷின்லயும் தொறந்துச்சு, பின்னாடி தமிழ் எழுத்துக்கு மாத்திக்க முடிஞ்சுது. சென்னைப் பல்கலைக்கழகத்து தமிழ் லெக்சிகன், ஒரு லட்சத்துக்கு மேல சொல்லு, அதையும் இதே ஊர்லேருந்து இணையத்துல தேடற மாதிரி பண்ணிக் குடுத்தாங்க. நான் படிச்ச புறநானூறு இந்த ஊர்ல யாரோ விரல்ல அடிச்சு அனுப்பினது! அலமாரிக்கு நடுவுல நின்னு அத நினைச்சப்ப கண்ணு கலங்கிருச்சு, நூலகத்து அம்மா தண்ணி வேணுமான்னு கேட்டாங்க.

சமஸ்கிருத அகராதிங்களும் இப்படித்தான், 1994-ல மோனியர் வில்லியம்ஸ் அகராதியில ஆரம்பிச்சு வரிசையா ஏத்தியிருக்காங்க. இன்னைக்கும் உலகத்துல எங்கெங்கயோ இருக்குற ஆளுங்க தப்பக் கண்டுபிடிச்சு எழுதி அனுப்ப, திருத்திக்கிட்டே இருக்காங்க. 1899-ல அச்சான புத்தகத்துக்கு இன்னைக்குத் திருத்தம் வருது. தமிழ்ல நமக்கு இந்தத் திருத்தற கூட்டம் சின்னதா இருக்குங்கறது என் குறை, வாய்ப்பு இருக்கறவங்க சேரணும்.

நாள் 6, வெள்ளி

வகுப்பு மத்தியானமே முடிஞ்சுருச்சு. செவெரின் தெருவுக்கு நடந்தேன். இடிஞ்ச இடம், தடுப்பு வேலி, உள்ள வேலை. பக்கத்துல டிராம் போகுது, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு போகுது. கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு வந்தேன்.

திரும்பற வழியில ஒரு ஈழத்தமிழர் கடை. இடியப்பமும் சொதியும்! அஞ்சு நாளைக்கு அப்புறம். கடைக்கார அண்ணைக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். 'எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை?'னு கேட்டாரு. நாகர்கோவில்னு சொல்லி, வேலி போட்ட இடத்தப் பாத்துட்டு வர்றேன்னு சொன்னேன். 'அது விழுந்த அண்டைக்கு நான் இஞ்சதான் நிண்டனான்'னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, தட்டு துடைச்சாரு. 'எங்கட நூலகம் எரியேக்க எனக்குப் பதினெட்டு வயசு. நான் அதிலதான் சோதினைக்குப் படிச்சனான்.'

1981, மே 31 ராத்திரிக்கும் ஜூன் 1-க்கும் நடுவுல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, 97,000 புத்தகம், ஏட்டுச்சுவடிங்க, வேற எங்கயும் பிரதி இல்லாதது எத்தனையோ. கேள்விப்பட்டுத்தான் இருக்கோம். ஆனா அங்க உக்காந்து படிச்சவர் முன்னாடி நின்னு கேக்கறது வேற. கொலோன்ல ஏத்துங்கன்னு கேட்டப்ப ஏத்தறதுக்கு ஊரூரா பிரதி இருந்துச்சு, மலைக்குள்ள பீப்பாய் இருந்துச்சு. யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒரு பீப்பாய் இல்ல.

அவரு கல்லாப்பெட்டிக்குக் கீழேருந்து டேப்லெட் எடுத்து நூலகம் தளத்தத் தொறந்து காட்டினாரு. 2005-ல இலங்கையில தொடங்கினது, ஈழத்து நூல், பத்திரிகை, மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணி யாரும் படிக்கிற மாதிரி. இவரு வீட்டுல அப்பாவோட பெட்டியில இருந்த பள்ளிக்கூட மலர் ஒன்ன ஊருக்குப் போனப்ப அவங்ககிட்ட குடுத்திருக்காரு. அந்தப் பக்கத்த பெருசாக்கி அப்பா பேரக் காட்டினாரு. சொதிக்கு காசு வாங்கமாட்டேன்னுட்டாரு.

நாள் 7, சனி

ரயில்ல எழுதறேன். வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தாச்சு, எத்தியோப்பியா பெரியவர் அவரோட 300 படத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்து 'இந்தியாவுலயும் இருக்கட்டும்'னாரு. நான் என் லேப்டாப்ல இருந்த ரெண்டு நோட்ட அவருக்குக் குடுத்தேன். முத்தாரம்மன் கொடைக்குப் பாடின கதை அடிஸ் அபாபாவுல இருக்கும்.

ஸ்டூடண்ட்கிட்டேருந்து மெசேஜ்.

'மேம் முதல் காப்பி முடிஞ்சுது. ரெண்டாவது 61 பெர்சென்ட். அத்தை சாப்பாடு போட்டாங்க'

பத்து நிமிஷம் கழிச்சு,

'மேம் ஒரு பிரச்சனை. 38-வது நோட்டுல 12-ம் பக்கம் ஓப்பன் ஆகல. ஃபைல் கரப்ட்னு வருது. வேற கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டேன்'

38-வது நோட்டு தோவாளை அண்ணாவியோடது. மூணுல நடு நோட்டு.

ஜன்னல் வெளிய ஒன்னும் தெரியல எனக்கு. ஒரு பக்கம்தானன்னு மனசத் தேத்திக்க முடியல, அந்தப் பக்கத்த எடுத்தப்ப வெளிச்சம் பத்தலன்னு அண்ணாவியே எழுந்து முற்றத்துப் பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் வருது.

ஏர்போர்ட்ல செக்யூரிட்டி தாண்டி உக்காந்தப்பறம் அடுத்த மெசேஜ்.

'மேம் கிடைச்சுருச்சு!!! அன்னைக்கு எடுத்த உடனே எங்க பாட்டிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். பாட்டி அந்தக் காலத்துல கொடையில இந்தக் கதை கேட்டவங்கல்ல, படிச்சுக் காட்டணும்னு. பாட்டி போன்ல அப்படியே இருக்கு. கொஞ்சம் மங்கல் மேம் ஆனா படிக்கலாம்'

கூடவே படம். வாட்ஸ்அப் சுருக்கினதுல ஓரமெல்லாம் பிசிறா இருக்கு, ஆனா எழுத்து இருக்கு. இருபத்திரெண்டு வரி. கேட் கிட்ட உக்காந்து முதல் வரியிலேருந்து அடிக்க ஆரம்பிச்சேன். பாட்டியோட பேர கேட்டு வாங்கி மேல குறிப்புல போட்டாச்சு, பிரதி யார்கிட்ட இருந்துச்சுங்கற இடத்துல. ஏழாவது வரி நடுவுல ஒரு சொல்லு, ப, அப்புறம் ஒரே ஒரு கோடு, அப்புறம் வை. கடக்கரை ஊர்க் கதை, அந்த வரியில பொம்பளப்பிள்ளையும் இருக்கா, கடலும் இருக்கு. ரெண்டும் பொருந்துது. பெட்டி போட்டு லெம்ல பாவை வச்சேன், ரீடிங்ல பரவை வச்சேன். பாட்டிகிட்ட ஒரு தரம் பாடிக் காட்டச் சொல்லிக் கேளுன்னு அவனுக்கு எழுதியிருக்கேன். போர்டிங் கூப்பிடறாங்க, இன்னும் பதினஞ்சு வரி இருக்கு.